கணக்குப்பிள்ளை கதாநாயகன் ஆன கதை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரம்தான். மதுரையிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் ஊர்கள் அவை. பஸ்ஸில் ஏறி ஒரு பத்திரிகையைப் புரட்டி முடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். ஆனால் குணத்தில் இரண்டும் வெவ்வேறு உலகங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பிறந்த ஊர். வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம் வெகு தூரத்திலேயே கண்ணில் படும். தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள். ஆடிப்பூரத்துக்குத் தேர், மற்ற நாட்களுக்குப் பால்கோவா. இப்படி நிதானமாக நடக்கிற ஊர். ராஜபாளையமோ பஞ்சாலை ஊர். 1936-ஆம் வருஷம் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலை ஊரின் போக்கையே மாற்றியது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் கட்டுத்துணி நெய்கிறார்கள்; நாட்டின் எந்த மூலையில் எந்த ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டாலும் அந்தத் துணி இந்தப் பக்கத்துத் தறியிலிருந்து போயிருக்கக்கூடும். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தவர். கோயிலூர்க்காரன் கதை சொல்வான், ஆலையூர்க்காரன் கணக்குச் சொல்வான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இந்த இரண்டு ஊர்களை வைத்துக்கொண்டே, தமிழ்நாட்டில் நடிப்பு என்ற தொழில் எப்படிக் கைமாறி வந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நான் சாட்சியாக அழைப்பது, ராஜபாளையத்தில் பிறந்து, கணக்கு எழுதப் போய், 32 வயதுக்கு மேல் கதாநாயகனான விஜய் சேதுபதியை.

நடிகனின் வாழ்க்கை வரலாறு என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். சினிமாக்காரர்களைப் பற்றி என்ன சரித்திரம் வேண்டியிருக்கிறது என்று கேட்கலாம். ராஜாக்கள் எந்தக் கோட்டையைப் பிடித்தார்கள் என்பது சரித்திரமானால், சாமான்யக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் எந்த வாசல் வழியாக எந்தத் தொழிலுக்குள் நுழைய முடிந்தது என்பதும் சரித்திரம்தான். சொல்லப்போனால் பின்னதுதான் நம்மில் பெரும்பாலோருக்குச் சொந்தமான சரித்திரம்.

முதல் வாசலைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போகவேண்டும். அங்கே அரையர் சேவை என்று ஒன்று உண்டு. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய தலங்களில்தான் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. தலையில் கூம்பு வடிவக் குல்லாய், கையில் தாளம். பெருமாள் முன்னால் நின்று ஆழ்வார் பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, வியாக்கியானமும் சொல்வார் அரையர். அதில் முத்துக்குறி என்று ஒரு பகுதி. காதல் நோயில் வாடும் மகள், கலங்கும் தாய், குறி சொல்ல வரும் கட்டுவிச்சி ஆகிய மூவரையும் ஒருவரே நடிக்கவேண்டும். வேஷம் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. முகத்தில் சாயம் இல்லை. அதே குல்லாய், அதே உடை. குரலும் கையும் கண்ணும் மாறுகின்றன, ஆள் மாறிவிடுகிறார். நடிப்பின் அடிப்படைப் பாடத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. ஆனால் அது பரம்பரை உரிமை. அரையர் குடும்பத்தில் பிறந்த ஆண்மகனுக்கு மட்டுமே அந்தக் குல்லாய். வெளியே நின்று எவ்வளவு ஆசைப்பட்டாலும் வாசல் திறக்காது.

இரண்டாவது வாசலைத் திறந்தவர்கள் நாடகக் கம்பெனிக்காரர்கள். இந்த வட்டாரத்துக்கு அவர்கள் பெரிய கடன் பட்டவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணியால் விரட்டப்பட்டு, ஏழு குழந்தைகளோடு கிணற்றில் விழுந்து மாண்ட அந்தப் பெண்ணின் கதையைப் போடாத கம்பெனி தமிழ்நாட்டில் இருந்திருக்காது. வசூல் குறைந்தால் நல்லதங்காளைப் போடு என்பது அவர்கள் கண்ட அனுபவம். எந்த ஊரில் போட்டாலும் தாய்மார்கள் அழுதார்கள், கொட்டகை நிறைந்தது.

அந்தக் கம்பெனிகளில் நடித்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள், டி. கே. சண்முகத்துக்கு அப்போது வயது 6. இதே சாலையின் கோடியில் இருக்கிற செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பாவும் பால்மணம் மாறாத வயதிலேயே மேடை ஏறியவர்தான். விருதுநகரில் 1926-இல் பிறந்த வி. கே. ராமசாமியும் பாலர் கம்பெனியில் வளர்ந்தவர். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் 21 வயதில் கிழவனாக நடித்துப் பெயர் வாங்கினார். சோறும் படுக்கையும் கம்பெனி கொடுத்தது. அடியும் உதையும் கூடவே கொடுத்தது. வறுமைப்பட்ட குடும்பங்கள் ஒரு வாய் குறைந்தது என்று பிள்ளையை அனுப்பிவைத்தன. பிறப்பு எதுவானாலும் குரல் இருந்தால் போதும், உள்ளே வரலாம் என்ற நிலைமை ஏற்பட்டது. அதற்கு விலையாகக் குழந்தைப் பருவத்தைக் கொடுக்கவேண்டியிருந்தது.

பிறகு கம்பெனிகள் மறைந்தன. பேசும் படம் அவற்றின் ஆட்களையும் பாட்டையும் கதையையும் எடுத்துக்கொண்டது; கொட்டகைகளையும் எடுத்துக்கொண்டது. பாலர் சபைகள் பயிற்றுவித்த கடைசித் தலைமுறை ஓய்ந்தபோது, சென்னைக்கு ரயில் ஏறிவரும் இளைஞனுக்கு முறையான பயிற்சி தரும் இடம் அநேகமாக இல்லை. நட்சத்திரத்தின் மகனாகப் பிறந்திருக்கவேண்டும். அல்லது ஸ்டூடியோ வாசலில் புகைப்படத்தோடு காத்திருக்கவேண்டும். முதலாவது மீண்டும் பரம்பரை. இரண்டாவது லாட்டரிச் சீட்டு.

இந்தக் காலத்தில்தான் விஜய குருநாத சேதுபதி பிறந்தார். 1978-ஆம் வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி, பொங்கல் முடிந்த கையோடு. ராஜபாளையம் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. விருதுநகரைத் தலைமையாகக் கொண்ட மாவட்டம் 1985-இல்தான் பிரிந்தது. சேதுபதி என்பது இராமநாதபுரத்து மன்னர்களின் பட்டப்பெயர். பெயர் மன்னர் பெயரே தவிர, வளர்ந்தது நடுத்தரக் குடும்பத்தில். ஆறாம் வகுப்பு வரும்வரை ராஜபாளையம். பிறகு குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. கோடம்பாக்கத்தில் எம்.ஜி.ஆர். மேல்நிலைப் பள்ளியில் படித்தார். படிப்பில் தாம் சராசரிக்கும் கீழே என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார். விளையாட்டிலும் பேர் எடுத்ததில்லை. கோடம்பாக்கத்துப் பள்ளியில் படித்தும் சினிமா அவரைத் தேடி வரவில்லை. தாமாகத் தேடிப் போனது ஒரே ஒரு தடவை. கமலஹாசன் நடித்து 1994-இல் வந்த ‘நம்மவர்’ படத்துக்குக் கல்லூரி மாணவர் வேடங்களுக்கு ஆள் எடுத்தபோது, 16 வயதுப் பையனாகப் போய் நின்றார். உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு அவர் செய்த வேலைகளின் பட்டியலைப் பாருங்கள். துணிமணி, சாமான் விற்கும் கடையில் விற்பனையாளர். துரித உணவுக் கடையில் காசாளர். தொலைபேசி பூத்தில் ஆள். எல்லாம் கைச்செலவுக்காக. துரைப்பாக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.காம். முடித்த ஒரு வாரத்தில் சிமெண்டு மொத்த வியாபாரம் செய்கிற இடத்தில் கணக்கு உதவியாளராகச் சேர்ந்தார். கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். குடும்பத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. இங்கே வாங்கியதைப் போல நான்கு மடங்கு சம்பளம் என்பதால் துபாய்க்குப் போனார். அங்கேயும் கணக்குத்தான்.

இங்கே சற்று நிற்கவேண்டும். கம்பெனிக் காலத்து நடிகர்களின் வாழ்க்கையில் இந்தப் பகுதி இருக்காது. அவர்கள் கடன்காரனாக நடிப்பார்கள், கடைக்காரனாக நடிப்பார்கள், ஆனால் கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பழகியிருக்க மாட்டார்கள். மேடையை முதலில் கற்றுக்கொண்டு, வாழ்க்கையைப் பிறகு கற்றவர்கள் அவர்கள். கிட்டப்பா 1933-இல் மறைந்தபோது அவருக்கு வயது 27. அந்த வயதுக்குள் பிறந்து, பாடி, புகழின் உச்சிக்குப் போய், மறைந்தும் போய்விட்டார். அதே 27 வயதில் விஜய் சேதுபதிக்குச் சினிமாவில் பேர் சொல்லும்படி ஒரு வேடம்கூட இல்லை.

2003-இல் துபாய் வேலை பிடிக்காமல் திரும்பினார். அதே வருஷம் கல்யாணமும் ஆயிற்று. நண்பர்களோடு சேர்ந்து வீட்டு உள் அலங்கார வேலை செய்து பார்த்தார். பிறகு தயார்நிலைச் சமையலறைகள் விற்கிற நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த வேலையில் இருந்தபோதுதான் கூத்துப்பட்டறையின் விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது.

கூத்துப்பட்டறையை 1977-இல் தொடங்கியவர் சிறுகதை எழுத்தாளரான ந. முத்துசாமி. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து, இதுவல்லவா நம் நாடகம் என்று வியந்து, வாழ்க்கையையே அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டவர். 2018-இல் அவர் காலமாகும்வரை, பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று எத்தனையோ பேர் அவர் பட்டறையில் உருவானார்கள். பாலர் சபைகள் போன பிறகு வெற்றிடமாக இருந்த இடத்தில் முளைத்த மூன்றாவது வாசல் என்று இதைச் சொல்லலாம். கல்யாணம் ஆனவனும், கடன் உள்ளவனும், முப்பதை எட்டிப் பார்க்கிறவனும் உள்ளே வரமுடிந்த வாசல்.

விஜய் சேதுபதி அதற்குள் எப்படி நுழைந்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கணக்குப்பிள்ளையாகவே நுழைந்தார்! பட்டறையின் வரவு செலவை எழுதிக்கொண்டே நடிகர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தார். உடம்பை எப்படித் தளர்த்துகிறார்கள், ஒரு சொல்லை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்க்கிறார்கள், சரியாக வராதபோது என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் அவர் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. நடிகன் ஒத்திகையில் தன்னைப் பார்த்துக்கொள்வான். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவன் எல்லோரையும் பார்ப்பான்.

ஆனாலும் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் சோறு போடாது. டைரக்டர் பாலு மகேந்திரா, உன் முகம் படத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லித் தெம்பு கொடுத்தார். ஆனால் தம் படத்தில் வேஷம் கொடுக்கவில்லை. 2006-இல் ‘புதுப்பேட்டை’யில் கதாநாயகனின் கூட்டாளிகளில் ஒருவர். அதே வருஷம் தொலைக்காட்சித் தொடரில் ஒரு சிறு வேடம். 2009-இல் ‘வெண்ணிலா கபடி குழு’, 2010-இல் ‘நான் மகான் அல்ல’. எல்லாவற்றிலும் கூட்டத்தில் ஒருவர், நண்பர்களில் ஒருவர். கண்ணை இமைத்தால் தவறவிட்டுவிடலாம்.

இவரை எது தூக்கிவிட்டது? விடாமுயற்சி என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. விடாமுயற்சி உள்ளவர்கள் கோடம்பாக்கத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. அந்த வருஷங்களில் வேறொன்றும் நடந்தது. படச்சுருள் இல்லாமல் படம் பிடிக்கும் காமிராக்கள் வந்தன. குறைந்த செலவில் பத்து நிமிஷப் படம் எடுத்துவிடலாம் என்று ஆயிற்று. கலைஞர் தொலைக்காட்சி ‘நாளைய இயக்குனர்’ என்ற குறும்படப் போட்டியை நடத்தியது. யாரிடமும் பத்து வருஷம் உதவியாளராக இருந்து பழகாத இளைஞர்கள் அதில் கதை சொன்னார்கள். கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, அருண் குமார் ஆகியோர் அப்படி வந்தவர்கள். அவர்களிடம் கதை இருந்தது. நட்சத்திரத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லை. இவரிடம் நடிப்பு இருந்தது. கூப்பிட ஆள் இல்லை. இரண்டு தேவைகளும் சந்தித்துக்கொண்டன. கம்பெனிக் காலத்தில் வறுமை சிறுவர்களை மேடைக்கு அனுப்பியதைப் போல, இந்தக் காலத்தில் முதல் இல்லாமை டைரக்டரையும் நடிகரையும் ஒன்று சேர்த்தது.

இதற்கிடையே சீனு ராமசாமி தம் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில் அவரைக் கதாநாயகனாக்கினார். தேனிப் பக்கத்து ஆடு மேய்க்கும் இளைஞன் வேடம். 2010 டிசம்பரில் படம் வந்தது. அடுத்த மாதம் அவருக்கு வயது 33. கொட்டகைகளில் பெரிய ஆரவாரம் இல்லை. ஆனால் சிறந்த தமிழ்ப் படம், சிறந்த நடிகை சரண்யா, சிறந்த பாடலாசிரியர் வைரமுத்து என்று மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. கதாநாயகனுக்கு விருது இல்லை. இருந்தாலும் இனி அவரைக் கூட்டத்தில் தேடவேண்டியதில்லை.

2012-ஆம் வருஷம் மூன்று படங்கள். ‘சுந்தரபாண்டிய’னில் நண்பனாக இருந்து வஞ்சகனாகிறவர். கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’வில் வீடு வீடாகப் பண்டம் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன். பாலாஜி தரணீதரனின் ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ படத்தில், கல்யாணத்துக்குச் சற்று முன்னால் தலையில் அடிபட்டு நினைவு தப்பிப்போனவர். இந்தக் கடைசிக் கதை ஒளிப்பதிவாளர் பிரேம் குமார் வாழ்க்கையில் நிஜமாகவே நடந்தது. அதே பிரேம் குமார்தான் 2018-இல் ‘96’ படத்தை இயக்கினார் என்பது இந்தக் கூட்டத்தாரின் உறவு எப்படித் தொடர்ந்தது என்பதற்கு ஓர் உதாரணம்.

பெயர் வந்த பிறகு பெரும்பாலான கதாநாயகர்கள் வயதைக் குறைத்துக்கொள்வார்கள். இவர் கூட்டிக்கொண்டார். 2013-இல் ‘சூது கவ்வும்’ படத்தில் நாற்பதைத் தாண்டிய ஆள்கடத்தல்காரர். 2014-இல் ‘பண்ணையாரும் பத்மினியும்’ படத்தில் பண்ணையாரின் காரை ஓட்டுகிறவர். அந்தப் படத்தில் காதல் கதை வயதான தம்பதிக்குத்தான் அதிகம். 2015-இல் ‘ஆரஞ்சு மிட்டா’யில் நரைத்த தாடியோடு ஒரு கிழவர். 21 வயதில் கிழவரான விருதுநகர் ராமசாமியை நினைத்துக்கொண்டேன். 2019-இல் ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில், வீட்டைவிட்டு ஓடிப்போன கணவன் திருநங்கை ஷில்பாவாகத் திரும்பி வருகிற வேடம். அதற்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது. புடைவையும் ஒப்பனையும் அந்த வேடத்துக்கு இருந்தன. ஆனால் மகனைப் பார்க்கிற அந்தப் பார்வையில் தகப்பனும் ஷில்பாவும் ஒரே சமயத்தில் இருந்தார்கள். அதற்கு ஒப்பனை உதவாது. குல்லாயைக் கழற்றாமலே தாயாகவும் மகளாகவும் மாறுகிற அரையருக்கு அந்த ரகசியம் தெரியும்.

ராஜபாளையத்தை அடுத்த சேத்தூரில் பிறந்த சமுத்திரக்கனியும் இதே விருதைப் பெற்றவர், 2015-ஆம் வருஷத்து ‘விசாரணை’ படத்துக்காக. அவர் வந்த வழி வேறு. உதவி டைரக்டராகவும் டைரக்டராகவும் இருந்து நடிகரானவர். சில மைல்களுக்குள் பிறந்த இருவரும் இளமை கழிந்து நடிக்கவந்தவர்கள் என்பதும், இருவருக்கும் கிடைத்தது துணை நடிகர் விருது என்பதும் கவனிக்கத்தக்கவை. கதாநாயகனின் ஓரத்தில் நின்று பழகியவர்களுக்கு, ஓரத்தில் நிற்பவனின் மனசு தெரியும்.

2022-இல் ‘விக்ரம்’ படத்தில் கமலஹாசனுக்கு எதிரியாக நடித்தார். உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட நாளுக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய 28 வருஷம். இதை ஒரு பழிவாங்கல் கதையாகச் சொல்லி மகிழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பையனை 16 வயதில் சேர்த்துக்கொண்டிருந்தால் வகுப்பறையில் பத்தோடு பதினொன்றாக உட்கார்ந்திருப்பான். அதே சமயம், 28 வருஷம் காத்திருந்தால் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று யாருக்கும் ஆசை காட்டவும் நான் தயாராயில்லை. காமிரா மலிவாகாமல் இருந்திருந்தால், கூத்துப்பட்டறை என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், துபாயில் இன்னும் ஒரு கணக்குப்பிள்ளை இருந்திருப்பார், அவ்வளவுதான். மூன்றாவது வாசல் திறந்தது தானாக அல்ல. ந. முத்துசாமி போன்ற ஒருவர், வருமானத்தை எதிர்பாராமல் நாற்பது வருஷம் அதைத் திறந்து வைத்திருந்தார்.

2018-இல் வந்த ‘சீதக்காதி’ விஜய் சேதுபதியின் 25-ஆவது படம். அதில் அவர் ஆதிமூலம் என்ற வயோதிக நாடக நடிகர். கூட்டம் குறைந்துகொண்டே வருகிறது. மேடையை விட மறுக்கிறார். நடித்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் இறந்துபோகிறார். அதன் பிறகு அவருடைய கலை வேறு வேறு மனிதர்களின் உடம்பில் புகுந்து நடிக்கிறது. சினிமாக்காரர்கள் வேடிக்கையாகச் செய்த கற்பனைதான். என்றாலும் தமிழ்நாட்டு நடிப்பின் சரித்திரம் அதற்குள் இருக்கிறது. அரையர் வீட்டில் அது ரத்தத்தின் வழியாகப் போயிற்று. பாலர் சபையில் வாத்தியாரின் பிரம்பின் வழியாகப் போயிற்று. கூத்துப்பட்டறையில், மூலையில் உட்கார்ந்து பேரேடு எழுதிக்கொண்டிருந்த ஒருவரின் கண்வழியாகப் போயிற்று.